வன்னியை வெளியே கொண்டு வா

விருத்தாசலம்,
19-2-1968

அன்பு மகள் அமிர்தத்துக்கு அம்மா ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம், நாக்பூரில் நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியப்படுத்து. சுகம் என்று ஒரு வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. படித்துவிட்டு உட்கார்ந்து அழாதே, எழுந்து தந்தி ஆபீசுக்கு ஓடு, அங்கேதானே வேலை பார்க்கிறாய்.

சிறுவர் புத்தகத்தில் நீ எழுதும் தொடர்கதையைப் பற்றித்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை புத்தகம் ரயிலடிக் கடைக்கு வந்ததும் உன் தங்கை பெரியநாயகி ஓடிப்போய் வாங்கி வருவாள், நான் உரக்கப் படிப்பேன், வரிசை வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வந்து உட்காரும். உன் அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், காது மட்டும் எங்கள் பக்கம். அத்தை மகன் மாணிக்கவேலுக்கு உன்னைப் பேசி முடித்த பிறகு நீ வேலை ஆர்டரோடு ரயிலேறினாயே, அன்றைக்கு, இந்த வூட்ல அவ பேரை எவனும் எடுக்கக் கூடாது என்றார் அல்லவா, இரண்டு வருஷமாக அவரும் எடுக்கவில்லை. ஆனாலும் கதை கேட்பார். போன புத்தகத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று உனக்கே தெரியும். நாகலோகத்தில் மாட்டிக்கொண்ட அண்ணனைப் போல அந்தச் சின்னப் பெண் வன்னி மண்ணில் பொம்மை பிடிக்கிறாள், அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் சூளைக்குள் நின்றால் ஏழு நாக்குள்ள அக்கினி தேவன் அவனைத் திருப்பித் தருவான், வாசலை அடைக்கிறார்கள், வன்னி உள்ளே நிற்கிறாள், தொடரும். நல்ல இடம் பார்த்துத் தொடரும் போட்டாய் மகளே.

போன சனிக்கிழமை பெரியநாயகி அப்பாவுக்குச் சோற்றுத் தூக்கு எடுத்துக்கொண்டு பீங்கான் கம்பெனிக்குப் போனாள். சூளைக்குள் சாமான் அடுக்கி முடித்து ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். திரும்பி வந்து பாவாடை மேஸ்திரி செங்கல் வைத்து வாசலை அடைத்தார், களிமண் பூசினார்கள், கற்பூரம் காட்டித் தீ மூட்டினார்கள். உன் அப்பாவும் கூட நின்றுதான் பூசினார். பொண்ணைக் காணோமே என்று நான் தேடிக்கொண்டு போனபோது விறகு பிடித்துப் புகை கிளம்பியிருந்தது. தூக்கைக் குடுத்துட்டு அப்பவே வூட்டுக்குப் போயிட்டாளே என்றார் உன் அப்பா. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, நான்தானே உரக்கப் படித்தேன், எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவருக்குத்தான் தோன்றியது. சூளையைத் திரும்பிப் பார்த்தார், முகம் செத்துப்போனது. எரிகிற விறகைக் கையாலேயே வெளியே இழுத்துப் போட்டார், வாசல் செங்கல்லைப் பிய்த்தார், அடுக்கிய பீங்கான் எல்லாம் சரிந்து நொறுங்கியது. உள்ளே இருமல் கேட்டது, கூப்பிட்டால் பதில் இல்லை. பேசினால் வரம் போய்விடும் என்று நீதான் எழுதியிருக்கிறாயே, வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பாவி. தூக்கி வெளியே போட்டபோது கண்ணு ரெண்டும் கோவைப்பழம், மடியில் மண் பொம்மை, அதற்கு மூக்குக் கண்ணாடி வேறு. உன்னைப் போலத்தான் பிடித்திருக்கிறாள். குறை இருந்தால் ஊரே கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டுகிறது, இவளுக்குச் சூளை கேட்கிறது.

இப்போது ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள், இருமல் மட்டும் நிற்கவில்லை. நான் எழுத உட்கார்ந்தது அதற்காக இல்லை. செங்கல்லைப் பிய்த்தபோது உன் அப்பா கத்தியது அவள் பேர் இல்லை. அமிர்தம் அமிர்தம் என்றுதான் கத்தினார், தெரிந்து கத்தினாரோ தெரியாமல் கத்தினாரோ, கம்பெனி முழுக்கக் கேட்டது. உள்ளே இவளும் கேட்டிருக்கிறாள். பாத்தியாம்மா, பலிச்சிடுச்சு, அப்பா அக்கா பேரைச் சொல்லிட்டாரு என்கிறாள். நேற்று பெருக்கும்போது பார்த்தால் கட்டிலுக்கடியில் இன்னும் மூன்று பொம்மை காய்கிறது. ஒன்று மேஸ்திரி மகள் பிடித்தது, செத்துப்போன அவள் அம்மாவாம். எல்லாவற்றையும் உடைத்துத் தண்ணீரில் கரைத்துவிட்டேன், பிள்ளைகள் என்னை அரக்கி மாதிரி பார்க்கிறார்கள். மண்ணுக்கா இந்த ஊரில் பஞ்சம், மறுபடி பிடிப்பார்கள். அடுத்த சூளை மாசி மகம் கழித்து அடைக்கிறார்கள், உன் புத்தகம் அதற்கு முன்னால் வந்துவிடும். அதில் வன்னி ஒரு மயிர் கருகாமல் வெளியே வந்தாள் என்று இருந்தால் நான் எத்தனை பிள்ளைகளுக்குக் காவல் நிற்பேன்? சீதைக்கு அக்கினி பகவானே கைகொடுத்தான், நந்தனாருக்குத் தில்லை நடராசர் இருந்தார், பாவாடை மேஸ்திரி மூட்டுகிற சூளைக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் இன்றைக்கே புத்தகக்காரர்களுக்குத் தந்தி கொடு, மாற்றி எழுதி அனுப்பு. வன்னி உள்ளே நின்று கத்தட்டும். பொம்மையைப் போட்டுவிட்டு அடைத்த வாசலைத் தட்டட்டும், அவள் அப்பன் வந்து உடைத்துத் தூக்கட்டும், அவன் கை வேகட்டும். நெருப்பு சுடும் என்று எழுது. கதை கெட்டுப்போகும் என்பாய், கெட்டால் கெடட்டும்.

வெயிலில் அலையாதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, இரண்டு வேளையாவது அரிசிச் சோறு சாப்பிடு. அப்பாவுக்கு இரண்டு கையிலும் கட்டு, சோறு நான்தான் ஊட்டுகிறேன். இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். யாருக்கு, அமிர்தத்துக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். சின்னவ இன்னொரு பொம்மை பிடிக்கறதுக்குள்ள அவளை வந்துடச் சொல்லு என்றார். வா மகளே. பழமலைநாதர் துணையிருப்பார்.

உன் அம்மா,
சா. சொர்ணாம்பாள்