படத்திலிருந்த பச்சை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ குறுக்கே நாலு வார்த்தை போடுவாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் என் வழக்கைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்காக நீ அனுப்பிய கிரீன் டீ பொடி வந்தது. ஆனால் அது நம் வீட்டு வாசலுக்கு வரவில்லை, பக்கத்து வீட்டு நர்ஸம்மா பெயருக்கு வந்தது. அந்தப் பொடியைப் போட்டு பட்டர் க்ரீம் செய்யும் முறையையும் நீ அவரிடம்தான் சொல்லியிருக்கிறாய். "எங்க அப்பா வெந்நீர் வெச்சாலும் அடிப்பிடிச்சிடும், நீங்களே பண்ணிக் குடுத்துடுங்க அக்கா" என்று சொன்னாயாம். அவர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் சிரிக்கவில்லை. எனக்கு பிரஷ் பிடிக்க எந்த வாத்தியாரும் சொல்லித் தரவில்லை. சுவருக்குப் பட்டி பார்ப்பது, சாயம் கலப்பது, மர வேலைக்குப் பாலிஷ் போடுவது எல்லாம் நானாகப் பார்த்து நானாகக் கெடுத்து நானாகக் கற்றுக்கொண்டது. அந்த வேலையில்தான் உன்னைப் படிக்கவைத்தேன். வெண்ணெயில் பொடி கலக்க எனக்கு ஆள் வைக்கிறாய்.

பொடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். "முறையை எழுதிக்கங்க அண்ணே" என்றார். வேண்டாம் என்றேன். நீ அனுப்பிய படத்தை மட்டும் அவர் போனில் காட்டினார். வட்டமான கேக், மேலே பச்சை க்ரீம். அந்தப் பச்சையை ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொண்டேன். எனக்கு அது போதும்.

அம்மாவின் நிலைமை உனக்குத் தெரியும், ஆனால் அதை நீ போனில்தான் பார்த்தாய். தொண்டைக்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடிந்ததிலிருந்து அவள் நாக்கில் எதுவுமே தெரியவில்லை. கொதிக்கிற ஆவியை வைத்தே உப்பு கூட, குறைய என்று சொன்னவள். இப்போது சூப் கொடுத்தாலும் சரி, பழம் கொடுத்தாலும் சரி, "ஒண்ணும் தெரியல" என்ற ஒரே பதில்தான். பஞ்சை மென்று விழுங்குவதுபோல் இரண்டு வாய் விழுங்கிவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். நான் சண்டை போட்டுப் பார்த்தேன். அவள் திருப்பிச் சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எடை இன்னும் இறங்கினால் மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படி ஆனால் அம்மாவை உன் ஊருக்கே அழைத்துப் போய்விடுவதாக நீ சொன்னாய். அதற்கு நான் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம்.

வெண்ணெயும் சர்க்கரையும் அவள் உடம்பில் கொஞ்சம் சதை போடும், டீ பொடி வெண்ணெயின் பிசுபிசுப்பை முறிக்கும் என்பது உன் யோசனை. யோசனை நல்லதுதான். அதில் எனக்குத் தகராறு இல்லை.

உப்பில்லாத வெண்ணெய் வாங்கி வந்து, இளகுவதற்கு மேஜையில் வைத்தேன். அடிப்பதற்கு மெஷின் தருகிறேன் என்று நர்ஸம்மா வந்து நின்றார். பெயிண்ட் கலக்கும் என் டிரில் மெஷின் இருக்கும்போது கடன் எதற்கு? புதிதாக ஒரு முட்டை அடிக்கும் கம்பி வாங்கி, அதன் கைப்பிடியை அறுத்து, மெஷினின் வாயில் பொருத்தினேன். கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. முதல் தடவை அழுத்தியதில் கொஞ்சம் வெண்ணெய் கூரைக்குப் போனது. அதைப் பற்றி அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். துடைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டும். மஞ்சள் வெண்ணெய் பாத்திரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றச் சுற்ற அந்த மஞ்சள் மெதுவாக விலகியது. கண் கோளாறு என்று நினைத்து ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெளுத்துக்கொண்டிருந்தது. மறுபடி அடித்தேன். இன்னும் வெளுத்தது. நான் காலமெல்லாம் நிறம் கலந்தவன். மஞ்சளை வெளுக்க வைக்க வேண்டுமென்றால் வெள்ளையை ஊற்ற வேண்டும், வேறு வழியே கிடையாது என்று எத்தனையோ பேரிடம் அடித்துச் சொல்லியிருக்கிறேன். இதில் நான் ஒரு சொட்டு எதையும் ஊற்றவில்லை. காற்றைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. வெறும் காற்று நுழைந்ததற்கு ஒரு பொருள் நிறம் மாறி, இரண்டு மடங்காக உப்பி, மேகத்தை வழித்து வைத்ததுபோல் உட்கார்ந்திருந்தது. மெஷினைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அம்மாவைக் கூப்பிட்டேன். "இங்க வந்து பாரு, வெண்ணெய் வெள்ளையாயிடுச்சு" என்றேன். "ஆகாம வேற என்ன ஆகும்" என்று கட்டிலில் படுத்தபடியே சொன்னாள். இவ்வளவு பெரிய விஷயத்தை இத்தனை வருடம் என்னிடம் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறாள்.

பிறகு சர்க்கரைத் தூளைச் சலித்துக் கொட்டினேன். டீ பொடியைப் பிரித்தேன். அப்படி ஒரு பச்சையை எந்தக் கம்பெனியின் நிற அட்டையிலும் நான் பார்த்ததில்லை. விரலில் தொட்டால் ரேகைக்குள் புகுந்துகொள்கிறது. ஒரு ஸ்பூன் போடச் சொல்லியிருந்தாய் என்று நர்ஸம்மா சொன்னார். ஒரு ஸ்பூன் போட்டேன். வெள்ளைக்குப் பச்சை நோய் வந்ததுபோல் இருந்தது. படத்திலிருந்த பச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று போட்டேன். ஒரு தாளில் தடவி, காயட்டும் என்று காத்திருந்தேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், காயாமல் முடிவு செய்யக் கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். வெண்ணெய் காயாது என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நர்ஸம்மா வாசலில் நின்று, "அண்ணே, எவ்ளோ போட்டீங்க?" என்று கேட்டார். "நிறம் வர்ற வரைக்கும்" என்றேன். படத்திலிருந்த பச்சை வந்த பிறகுதான் நிறுத்தினேன். பொட்டலத்தில் பாதிக்கு மேல் காலி.

ருசி பார்த்தாயா என்று நீ கேட்பாய். பார்க்கவில்லை. பெயிண்டை நக்கிப் பார்க்கிற பழக்கம் எனக்கு இல்லை.

கடையில் வாங்கிய சாதா கேக்கில் ஒரு துண்டு வெட்டி, சுவரில் பட்டி பூசும் தகடு புதிதாக ஒன்று எடுத்து, அந்தக் க்ரீமைத் தடவினேன். சுவராக இருந்தால் பார்க்க ஆட்களைக் கூப்பிட்டிருப்பேன், அவ்வளவு சமமட்டம். அம்மாவிடம் நீட்டினேன். என் மனம் நோகக் கூடாது என்று ஒரு ஸ்பூன் க்ரீமை வழித்து வாயில் வைத்தாள். வைத்தவள் அப்படியே அசையாமல் இருந்துவிட்டாள். கண்ணை இறுக்கி மூடினாள். முகம் முழுவதும் சுருங்கியது. குமட்டுகிறது என்று நினைத்து நான் ஒரு காலிப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அவளிடம் ஓடினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, "என்னத்தங்க போட்டீங்க இதுல? கசக்குது" என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழுந்தது. ஆனாலும் மறுபடி சொல்லச் சொன்னேன். "காது அடைச்சிடுச்சா? கசக்குதுங்கறேன், விஷமாட்டம் கசக்குது" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் அது புரிந்துவிட்டது. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு சந்தேகம் தீர்த்துக்கொள்பவள்போல் இன்னொரு ஸ்பூன் எடுத்தாள். மறுபடி முகம் கோணியது. மூன்றாவது எடுத்தாள். அந்தச் சுளித்த முகத்தைப் போல ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. கல்யாணத்தன்று பார்த்த முகத்தைக்கூட இதற்கு அடுத்துத்தான் வைப்பேன். இதை அவளிடம் சொல்ல வேண்டாம்.

நர்ஸம்மா ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார். "அண்ணே, இத மனுஷன் தின்பானா?" என்றார். "நான் தின்னுக்கிட்டுதானே இருக்கேன்" என்றாள் அம்மா. பிறகு நானும் ருசி பார்த்தேன். நர்ஸம்மா சொன்னது சரிதான். அதற்காக அளவைக் குறைக்கப் போவதில்லை. நீ சொன்னபடி ஒரு ஸ்பூனோடு நிறுத்தியிருந்தால் அவள் அன்றைக்கும் "ஒண்ணும் தெரியல" என்று தட்டைத் தள்ளியிருப்பாள். இதை நீ ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொண்டதாக ஒரு வரி எழுது, போதும்.

பொடி தீர்ந்ததும் கடையில் தேடி வாங்கி, இப்போது தினமும் செய்கிறேன். ரொட்டியில் தடவினால் ஒரு துண்டு முழுதாக இறங்குகிறது. கசப்பு வந்த வழியில் வேறு எதுவும் திரும்பி வருமா என்று தெரியாது. நேற்று ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு, "பின்னாடி ஏதோ ஒண்ணு இருக்கு" என்றாள். இனிப்பா என்று கேட்டேன். "அவசரப்படுத்தாதீங்க" என்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். "தெரியல, ஆனா இருக்கு" என்றாள்.

போன வாரம் டாக்டரிடம் போனோம். எடை ஏறவில்லை, ஆனால் இறங்கவும் இல்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். "இவரு எனக்கு சுவத்துப் பெயிண்ட் குடுக்கறாரு டாக்டர்" என்று அம்மா புகார் சொன்னாள். டாக்டர் விவரம் கேட்டுவிட்டு, தொண்டையில் இறங்குகிற வரைக்கும் அதையே கொடுக்கச் சொன்னார், கூடவே மற்றதையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கச் சொன்னார். குழாய்ப் பேச்சை எடுக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

நீ அங்கே ஆஸ்பத்திரி பார்த்து வைத்திருப்பதாகவும், வந்து அம்மாவை அழைத்துப் போக லீவு கேட்டிருப்பதாகவும் நர்ஸம்மா சொன்னார். அதையும் அவரிடம்தான் சொல்லியிருக்கிறாய், பார். லீவு கிடைத்தால் வா. நல்ல டாக்டர்கள் அங்கே இருப்பார்கள், இல்லை என்று சொல்லவில்லை. உன் வீட்டில் மெஷினும் நல்ல மெஷினாக இருக்கும். ஆனால் அவளுக்கு எது எவ்வளவு கசக்க வேண்டும் என்பது எனக்கு இப்போதுதான் கைவரத் தொடங்கியிருக்கிறது. காலையில் நான் மெஷினை ஓட்டினால், "மெதுவா, கூரையில அடிக்கப்போகுது" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வருகிறது. அந்தக் குரல் வரவில்லை என்றால் எப்போது நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது.

ஆகவே மகளே, வா. மாப்பிள்ளையையும் கூட்டி வா. இருவருக்கும் போக வர டிக்கெட் எடு. வரும்போது இரண்டு பேர், போகும்போதும் இரண்டு பேர். அதற்கு மேல் எடுக்காதே. உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

நீங்கள் இருவரும் நாக்கில் ருசியோடும், பக்கத்தில் குறை சொல்ல ஓர் ஆளோடும் நெடுங்காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா