முட்டையும் பச்சை எண்ணெயும்

பலேர்மோ,
வியாழன், 11.03.1999

அன்பு மகன் ஜோசுவாவுக்கு,

ஆண்டவர் உன்னைத் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் பவுல் மாமா இன்றைய கப்பலில் நீ நிற்கும் ஜெனோவாவுக்குக் கொண்டுவருகிறார். எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போகப்போவதாகப் போனில் சொன்னாயே, போகாதே. இதை வாசித்து முடிக்கும்வரையாவது இரு.

நீ கஞ்சா தொடவில்லை. எனக்குத் தெரியும். உனக்குத் தந்தவள் நான்.

கப்பல் வேலைக்குப் புறப்படுமுன் முதுகு பிடித்துக் கிடந்தாய். ஊரில் என்றால் பச்சை முட்டை உடைத்து நல்லெண்ணெய் விட்டுக் குடிக்கத் தந்திருப்பேன். இங்கே நல்லெண்ணெய்க்கு எங்கே போவது? மொண்டெல்லோவில் நான் வேலை செய்யும் வீட்டுச் சினியோரா, என் முழங்காலுக்கு நல்லதென்று ஐந்து போத்தல் பச்சை எண்ணெய் தந்திருந்தார். சலாட்டில் ஒரு கரண்டி விடச் சொன்னார். விதையில் ஆட்டிய எண்ணெய்தானே, எள்ளென்ன இதென்ன என்று நினைத்தேன். மூன்று கிழமை, நாள் தவறாமல் வெறும் வயிற்றில் அரைக் கோப்பை. நீ முகத்தைச் சுளிக்கச் சுளிக்கப் பருக்கினேன். ஒரு போத்தலை உன் பையிலும் வைத்தேன். பிள்ளைக்கென்றால் எனக்குக் கரண்டிக் கணக்குத் தெரியாது.

நேற்று நான் சமையலறையில் அழுவதைக் கண்டு சினியோரா விசாரித்தார். கப்பல் கம்பனி எடுத்த உன் சிறுநீர்ச் சோதனையில் கஞ்சா வந்ததைச் சொன்னேன். அவர் தந்த பச்சை எண்ணெய் கஞ்சாச் செடியின் விதை எண்ணெயாம். சட்டப்படி கடையில் விற்பதாம், வெறி ஏறாதாம். தனக்குத் தெரிந்த டொக்டருக்குப் போன் எடுத்தார். அவ்வளவு குடித்தால் சோதனையில் காட்டக்கூடும் என்றாராம். சினியோரா எழுதித் தந்த கடிதமும் கடைப் பற்றுச்சீட்டும் இதோடு வருகின்றன. உன் பையிலுள்ள போத்தலை எறிந்துவிடாதே.

திங்கட்கிழமை கம்பனி டொக்டர் கூப்பிட்டால் எல்லாவற்றையும் காட்டு. அம்மா தந்தா என்று சொல். என்னைப் பிடித்தாலும் பரவாயில்லை. ஆனால் அவர் நம்புவாரோ தெரியாது. பொலிசுக்கு எழுதினால், மே மாதம் நீ இந்த நாட்டில் தங்கும் பெர்மெசோவைப் புதுப்பிப்பார்களா? கொழும்புக்குத் திருப்பி அனுப்பினால், இருபத்திரண்டு வயதுத் தமிழ்ப் பொடியனை அங்கே என்ன செய்வார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. வாசலில் ஒரு கார் நின்றாலே பொலிசோ என்று எட்டிப் பார்க்கிறேன். ஆனாலும் ஓடாதே மகனே. ஓடினால் செய்யாததைச் செய்தவன் ஆகிவிடுவாய்.

"நீ என்ர பிள்ளையே இல்லை, இந்த வீட்டுப் படி ஏறாதை" என்று அப்பா போனில் கத்தியதை நீ மறந்திருக்கமாட்டாய். நேற்று அவர் வேலையால் வந்ததும் எண்ணெய்க் கதையைச் சொன்னேன். சாப்பிடாமலே படுத்துவிட்டார். இன்று காலை வீட்டில் மிஞ்சிய போத்தலை எடுத்து, முட்டை உடைத்து, அரைக் கோப்பை குடித்தார். உங்களுக்கென்ன விசரோ என்று பறிக்கப் போனேன். "சனிக்கிழமை வரைக்கும் குடிச்சுப்போட்டு நானும் அந்த டொக்டரிட்டைப் போறன். என்னையும் சோதிக்கட்டும். நான் கஞ்சா அடிக்கிறவன் எண்டால் என்ர பிள்ளையும் அடிக்கிறவன்தான்" என்றார். உங்கள் பெர்மெசோவும் போகும் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. லீவும் எடுத்துவிட்டார்.

சனிக்கிழமைக் கப்பலில் வருகிறார். ஞாயிறு துறைமுகத்துக்குப் போய் நில். உன்னிடம் மன்னிப்புக் கேட்கமாட்டார், அவர் குணம் உனக்குத் தெரியும். ஆனால் நீ அங்கே நிற்கவேண்டும். நீ இல்லாவிட்டால், அந்த மனுசன் யாருக்காகக் குடித்தார்?

மடு மாதா உங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக என் வாசலுக்குக் கொண்டுவந்து விடட்டும்.

உன் அம்மா,
றோசமலர்