என் எதிராளி

ஜூன் 4

என் தங்கச்சிக்கு அக்கா எழுதிக்கிறது.

இங்க எல்லாரும் ஏதோ இருக்கோம். இடுப்பு வலிக்கு அப்புறம் உங்க மாமா வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரா, வாசல்ல உட்கார்ந்து போற வர்ற டிரைவருக்கெல்லாம் தப்பு கண்டுபிடிக்கிறாரு. என் ஒரு சம்பளத்துலதான் ஓடுது. அதுவும் வந்த சுருக்குல போயிட்டு வர்றேன்னு கிளம்பிடுது.

உங்க ஊர் பெரிய லாண்டரியில எனக்கு இடம் கேட்டு வச்சிருக்கன்னு படிச்சேன். இரட்டைச் சம்பளம். உன்னை விட்டா எனக்கு யாரு இதெல்லாம் செய்வா? மாசக் கடைசிக்குள்ள பதில் வேணும்னியே, அதுக்குத்தான் உட்கார்ந்தேன்.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. லாட்ஜுங்கள்லேருந்து எங்க லாண்டரிக்குத் துவைக்க வர்ற பெட்ஷீட்டுக்குள்ள ஒத்தை ஒத்தையா சாக்ஸ் கிடக்கும். தூக்கிப் போட மனசு வராம ஜன்னல்ல கொடி கட்டித் தொங்க விட்டிருக்கோம். அதுல பச்சைக் கோடு போட்ட ஒண்ணு, நான் சேர்ந்த காலத்துலேருந்து தொங்குது. போன வாரம் அதோட ஜோடி வந்துடுச்சு. மேஸ்திரி கல்யாண வீட்டுக்காரர் மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாரு. என் எதிராளி அழுதே விட்டா. அவளை நினைச்சாத்தான் ஒரு முடிவுக்கும் வர முடியல.

காகிதம் தீர்ந்துபோச்சு.

அக்கா

ஜூன் 11

அன்புள்ள அக்கா,

இவ்வளவு எழுதியிருக்க, வர்றியா இல்லையான்னு ஒரு வரி இல்ல. சாக்ஸ் கல்யாணத்தை என் வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், சிரிச்சு அவருக்குப் புரையேறிடுச்சு.

அது யாருக்கா எதிராளி? வேலை செய்யுற இடத்துல உனக்கு ஒரு எதிரி இருக்கிறதா சொல்லவே இல்லையே. அழுது நடிக்கிறாளா? நான் வந்து ரெண்டு கேள்வி கேக்கவா? சின்ன வயசுல தண்ணிக் குழாயடியில உனக்காகச் சண்டை போட்டது யாரு?

லாண்டரி மேனேஜர் மறுபடியும் கேட்டுட்டாரு. சீக்கிரம் எழுது.

உன் தங்கச்சி

ஜூன் 17

அடி பைத்தியமே,

பெட்ஷீட் மடிக்க ரெண்டு பேர் வேணும். எதிர்ல நின்னு மறுமுனையைப் பிடிக்கிறவளுக்கு இங்க எதிராளின்னு பேரு. உன் கடிதாசியை அவகிட்ட காட்டிட்டேன். "வரச் சொல்லு, அவளையும் நாலா மடிச்சு அலமாரியில வச்சுடுறேன்"னா.

மெஷின் சத்தத்துல எட்ட நின்னா பேச்சு கேக்காது. கிட்ட வந்து மூலையைக் கையில கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லிக்குவோம். மிச்சம் அடுத்த பெட்ஷீட்டுக்கு. ஒரு கதை முடிய ஒரு பொழுது ஆகும். என் பேச்சு இப்படி வளவளன்னு போறது அந்தப் பழக்கம்தான்.

மாமா இடுப்பு வலியில படுத்தப்போ அவகிட்ட நான் பாதி கதைகூட சொல்லி முடிக்கல. அன்னைக்குச் சாயங்காலமே அவ தூக்குச்சட்டியில சோறோட எங்க வாசல்ல நின்னா. இவளை எப்படிடி விட்டுட்டு வர்றது? சம்பளத்தைப் பார்த்தா வரணும். அவ முகத்தைப் பார்த்தா வாய் வரல.

அக்கா

ஜூன் 24

தங்கச்சி,

நேத்து மடிக்கும்போது சொல்லிட்டேன். "தங்கச்சி ஊர்ல." அடுத்த பெட்ஷீட்டுல, "வேலை." அதுக்கடுத்து, "இரட்டைச் சம்பளம்." அவ மூலையை மட்டும் கொடுத்துக்கிட்டே இருந்தா. அப்புறம் கிட்ட வந்து, "போ"ன்னா. இன்னொரு பெட்ஷீட்டுல, "எப்பவோ தெரியும்டி, மூஞ்சியே சொல்லுச்சு"ன்னா.

இன்னைக்குச் சாப்பாட்டு நேரத்துல நான் உள்ள போனா, அவ ஒரு பெட்ஷீட்டோட ரெண்டு மூலையைச் சாக்ஸ் கொடியில கிளிப் போட்டு மாட்டிட்டு, தனியா மடிச்சுப் பழகுறா. கோணல்மாணலா வருது. என்னைப் பார்த்துட்டு, "புது எதிராளி. உன்னை மாதிரி தொணதொணக்காது"ன்னா. நான் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. ரெண்டு பேருக்கும் மூக்கு ஒழுகுச்சு.

மேஸ்திரிகிட்டயும் சொல்லிட்டேன். இதைவிட அதிகமா கொடுக்க முதலாளிக்குக் கை வரலைம்மா, நல்லா இருன்னாரு. நான் பார்த்த மனுஷங்க எல்லாம் நல்லவங்களாவே அமைஞ்சுட்டாங்க, உன்னையும் சேர்த்துத்தான்.

வெள்ளிக்கிழமை வர்றோம். பஸ் டிரைவருக்கு மாமா வழிநெடுகப் பாடம் எடுப்பாரு, தெய்வம்தான் காப்பாத்தணும்.

எதிராளி அந்தப் பச்சைக் கோடு ஜோடியைப் பிரிச்சு ஒண்ணை என் கையில திணிச்சுட்டா. இன்னொண்ணு பழையபடி கொடியில தொங்குது. எப்ப வந்து சேர்த்தாலும் டீ அவ செலவாம்.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடு. ஒரு கால்ல மட்டும் சாக்ஸ் போட்டுக்கிட்டு எவளாவது இறங்கினா, அது நான்தான்.

அக்கா