நிறுத்தத் தெரியாத செல்கள்

மார்ச் 4
விச்சியன் அண்ணனின் கண் மஞ்சளாக இருக்கிறது. தூக்கம் போதவில்லை என்கிறான். தூக்கத்துக்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம்? தாய்லாந்தின் இந்தக் கோன்கேன் ஆய்வகத்தில் பித்தநாளப் புற்றுநோயைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கா தெரியாது?

மார்ச் 11
பித்தநாளப் புற்றேதான். அறுக்க முடியாதாம். பரவிவிட்டது.

ஆற்று மீனைப் பச்சையாகக் கொத்தித் தின்னாதே என்று எத்தனை முறை சொன்னேன். "எலுமிச்சை பிழிஞ்சா புழு செத்துடும், போடி டாக்டரம்மா" என்பான். மீனிலிருந்த ஈரல்புழு சாகவில்லை. பித்தநாளத்திலேயே குடியிருந்தது. அழற்சி ஆறவே இல்லை. புண்ணை ஆற்றச் சொல்லி, 'வளர், வளர்' என்று செல்லுக்குள் சேதி கடத்தும் கைனேஸ் நொதிகள் ஓயாமல் கத்தியிருக்கின்றன. கடைசியில் நிறுத்தவே மறந்துவிட்டன. வகுப்பில் படம் போட்டுச் சொல்வேன் இதை. படத்தில் அண்ணன் இல்லை.

மார்ச் 27
ஒரு கைனேஸின் மரபணு உடைந்து வேறொன்றோடு ஒட்டியிருந்தால், அதை அடக்க மாத்திரை இருக்கிறது. கட்டியைச் சோதிக்கக் கொடுத்திருக்கிறோம். இருந்துவிடட்டும். தயவுசெய்து இருந்துவிடட்டும்.

ஏப்ரல் 9
இல்லை.
புழுவால் வரும் கட்டியில் அது அபூர்வம் என்று கட்டுரை எழுதியவளே நான்தான். பிறகு எதை நம்பிக் காத்திருந்தேன்?

ஏப்ரல் 10
அண்ணி சம்னியங் ஆய்வக வாசலில் வந்து நின்றாள். "எலிக்குக் குடுக்குறியே, அந்த மருந்தைக் குடு துவாங்."
மனுஷனுக்குக் கொடுத்ததே இல்லை அண்ணி என்றேன்.
"எலி மேல இருக்கிற அக்கறைகூட உங்கண்ணன் மேல இல்லையா?"
ஐயோ, நான் என்னதான் செய்ய —
மருந்துக் குப்பியைப் பையில் போட்டுக்கொண்டுவிட்டேன்.

ஏப்ரல் 11
ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கையில் குப்பியை வைத்தேன்.
"இதைக் குடிச்ச எலி என்னாச்சு?"
"கட்டி சுருங்கிச்சு."
"எலி?"
பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஈரல் கெட்டுச் செத்துப்போச்சு."
விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "திருடுறதுதான் திருடுன, நல்லதா ஒண்ணு கிடைக்கலியாடி?" குப்பியை என் பையிலேயே திரும்பப் போட்டான். "வேணும்னா என் கட்டியில கொஞ்சம் எடுத்துக்கோ. அதுக்கு எவ்வளவு வேணாலும் ஊத்து. சாகட்டும் சனியன்."

ஏப்ரல் 13
சோங்கிரான் புத்தாண்டு. வெளியே ஊரே தண்ணீர் ஊற்றி ஆடுகிறது. அண்ணனுக்கு ஒரு மடக்கு இறங்கவில்லை.

ஜூன் 19
மருத்துவர் எடுத்துக் கொடுத்த அண்ணனின் கட்டிச் செல்கள் வளர்ப்புத் தட்டில் பிடித்துக்கொண்டன. அமோகமாகப் பெருகுகின்றன. மருந்துக்கு அசையவில்லை. ஒரு கைனேஸை அடைத்தால் சேதி இன்னொன்றின் வழியாகப் போய்விடுகிறது.

இறந்துபோன அவன் பேரில் பிக்குகளுக்கு அன்னமிட்டுவிட்டு அண்ணி போன் செய்தாள்.
"அவரோடது இன்னும் உயிரோட இருக்கா துவாங்?"
"இருக்கு அண்ணி."
"சந்தோஷப்படணுமா வேணாமான்னு தெரியல."

எனக்கும் தெரியவில்லை. தட்டுகளுக்குப் புது ஊட்டநீர் ஊற்றி வைத்தேன்.