எர்த் குழிக்கு ஒரு வாளி

குளியலறையில் புது ஜீசர் மாட்டியாகிவிட்டது. ஆனால் பழையதைக் கழற்றிய சுவரில் ரப்பர் கருகிய வாசனை இன்னும் போகவில்லை. அது மூக்கில் ஏறினாலே வெளியே வந்துவிடுகிறேன். கட்டியவள் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

நம் மகள் வளைகாப்பு முடிந்து வந்திருக்கிறாள். போன வாரம் குளிக்கப் போனவள் குழாயைத் தொட்டதும் அலறினாள். ஓடிப்போய் மெயினை அணைத்தேன். "கைய வெடுக்குனு இழுத்துச்சி நைனா" என்றாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. ஆஸ்பத்திரியில் குழந்தையின் துடிப்பைக் கேட்கும்வரை எனக்கு உயிர் இல்லை. அது சரியாக இருந்தது. என்னுடையதுதான் இன்னும் சரியாகவில்லை.

பிள்ளை பிறந்தால் வெந்நீர் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. கடைத்தெருவுக்குப் போனேன். கேஸ் ஜீசரைக் காட்டினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிறவளுக்கு மூச்சு முட்டினால்? சோலார் என்றார்கள்; அவளுக்கு நாள் சொல்லியிருப்பது அடைமழையில். பரணில் கிடக்கும் உன் அம்மா வீட்டுச் செம்பு பாய்லரை இறக்கலாமா என்றுகூட யோசித்தேன். பச்சைப் பிள்ளை இருக்கும் வீட்டில் விறகுப் புகையா? கரண்டு ஜீசரைத் தொடவே எனக்குக் கை வரவில்லை. கடையில் அதற்குக் கரண்டு இணைப்பே கொடுத்திருக்கவில்லை, சிரிக்காதே. நாலு கடை ஏறி இறங்கி, வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் மாகறலிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். பழையதைப் பிரித்துப் பார்த்தார். "காயில் போயிருக்குது, அது சகஜம்தான். ஆனா கசியிற கரண்டு மண்ணுக்குல்ல போவணும்? எர்த்து எங்க கீது பெரியவரே? அது இல்லாம இன்னா வெச்சாலும் பேஜாருதான்."

பின்கட்டைக் காட்டினேன். நீட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது.

நீ குளித்து முடித்து வரும்போதெல்லாம் ஒரு வாளித் தண்ணீரை அந்த மூலையில் கொண்டுபோய் ஊற்றுவாய். அங்கே செடியும் இல்லை, கொடியும் இல்லை; மண்ணில் இறக்கிய ஒரு கம்பிதான். "இன்னா, கம்பி காய்க்கப் போவுதா?" என்று கிண்டல் செய்வேன். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டாய். "எர்த்துக்கு ஊத்திக்கினு கீறேன். மண்ணு காஞ்சா நம்ம மேல பாயும்னு வயர்மேன் சொல்லிக்கீறாரு. நீ கம்முனு இரு."

நீ போய் இரண்டு கோடை ஆகிறது. ஒரு சொம்பு தண்ணீர்கூட நான் ஊற்றவில்லை. அதோடு விட்டேனா? மாசமான பெண் சேற்றில் வழுக்கி விழுந்துவிடுவாளோ என்று பயந்து, பின்கட்டு முழுக்க சிமெண்ட் போட்டேன். நீ தண்ணீர் ஊற்றிய எர்த் குழியும் சேர்ந்து மூடிப்போனது. அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, நானே அவளைக் கொல்லப் பார்த்திருக்கிறேன்.

சிமெண்டை உடைத்தார்கள். உள்ளே மண் மாவு மாதிரி உதிர்ந்தது. கரியும் உப்பும் போட்டுப் புதுக் கம்பி இறக்கி, கரண்டு கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்சும் வைத்த பிறகுதான், கரண்டு ஜீசர் வாங்க மனசு வந்தது.

இன்று முதலில் நான்தான் குளிக்கப் போனேன். உள்ளங்கையால் தொட்டால் கரண்டு பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொடு என்பாயே, அப்படித்தான் கையை நீட்டினேன். வெளியிலிருந்து மகள் கேட்டாள்: "இன்னா நைனா, சத்தமே காணோம்? பயமா கீதா?"

"இல்லம்மா, தண்ணி நல்லா சுடுது" என்றேன். குழாயை இன்னும் தொடவே இல்லை.

அப்புறம்தான் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. குளித்துவிட்டு ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். வாரத்துக்கு ஒரு வாளி போதும் என்றார் எலக்ட்ரீஷியன். நான் தினமும் ஊற்றுவேன். இந்தப் பயம் என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம். அத்தனை வருஷம் இதே மூலையில் நின்று நீ எங்களை உயிரோடு வைத்திருந்தாய். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன்.