பிஸ்டனில் ஒரு கோடு

மார்ச் 4

நேற்றைய காற்றில் பின்பக்கத்து மரம் சாய்ந்து மதில்மேல் கிடக்கிறது. இவர் காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். முதல் வெட்டு எங்கே, அடுத்தது எங்கே என்று விரலால் கோடு போட்டுப் பார்த்தார். முப்பது வருஷம் மரம் அறுத்த கை, சும்மா இருக்குமா?

"மெஷினை எடுத்துட்டு வரட்டா?" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "ஓ... அதைத்தான் நான் எண்ணெய் ஊத்தாம கெடுத்துட்டேன்ல."

ஆமாம் என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போனேன்.

மார்ச் 5

தம்பிக்குப் போன் செய்தேன். மோட்டார் பட்டறை வைத்திருப்பவன். புதிதாக எதற்கு, அந்தப் பழைய செயின்சாவையே பிரித்துப் பார்க்கலாம் என்கிறான். எட்டு மாதமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இவர் கண்ணில் படக் கூடாதென்று நான்தான் சாக்கில் சுற்றி வைத்தேன்.

போன ஜூலையில், பாதி மரத்தில், கிரீச்சென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். அந்த வாரம்தான் குடையை ஓரிடத்தில், சாவியை ஓரிடத்தில் விட்டுவிட்டு வந்திருந்தார். அதனால் எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இந்த மெஷினுக்குப் பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும், லிட்டருக்கு இருபது மில்லி. இல்லாவிட்டால் இன்ஜின் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

"கலக்க மறந்துட்டீங்க" என்றேன்.

"கலந்தேனே."

"உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" கூலியாட்கள், மரத்துக்குச் சொந்தக்காரர், எல்லார் முன்னாலும். அன்று மாலையே கான்ட்ராக்டருக்குப் போன் போட்டு, இவருக்கு ஞாபகம் சரியில்லை, இனிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன்.

மூன்று நாள் "கலந்தேனே, கலந்தேனே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாலாம் நாள், "மறந்திருப்பேன் போல" என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி வந்தான். "யாரு வந்திருக்கா?" என்று இவர் என்னிடம் மெல்லக் கேட்டார். தம்பி காதில் விழுந்துவிட்டது. ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்தான்.

டேங்கின் அடியில் கொஞ்சம் பெட்ரோல் மிச்சமிருந்தது. அதில் ஒரு சொட்டைத் தாளில் விட்டான். பெட்ரோல் காய்ந்து போயிற்று. எண்ணெய்க் கறை மட்டும் நின்றது.

"அக்கா, மாமா கலந்துதான் இருக்கார்."

பிறகு சிலிண்டரைக் கழற்றினான். எண்ணெய் இல்லாமல் ஓடியிருந்தால் பிஸ்டன் சுற்றிலும் தேய்ந்திருக்குமாம். இதில் ஒரு பக்கம் மட்டும் ஒரே கோடு, நகம் இறங்கும் ஆழத்துக்கு. பிஸ்டனுக்குள் ஒரு பின் இருக்கிறது. அது நகராமல் இருக்க இரண்டு பக்கமும் கம்பி வளையம் மாதிரி கிளிப். ஒரு பக்கத்துக் கிளிப்பைக் காணோம். துண்டு துண்டாக அடியில் கிடந்தது.

"பழைய கிளிப்பையே திரும்பப் போட்டிருக்காங்க. பிடிப்பு இல்லாம கழண்டிருக்கு. யாருக்கா போட்டது?"

டீ போட்டு வருகிறேன் என்று எழுந்துவிட்டேன்.

மார்ச் 10

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

மெஷின் நின்றதற்கு முந்தைய வருஷம், இதே மேசையில், இவர் அதன் பிஸ்டன் ரிங்கை மாற்றினார். நான் டார்ச் பிடித்தேன். புதுக் கிளிப் இவர் விரலிலிருந்து துள்ளி எங்கேயோ போய்விட்டது. அலமாரிக்கு அடியில் தவழ்ந்து தவழ்ந்து தேடினார். தங்கச்சி வீட்டுக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது எனக்கு. பழசுதான் இருக்கிறதே, அதையே போடுங்கள் என்றேன். ஒரு தடவை கழற்றினால் போச்சு என்றார். இதற்குப் போய் இவ்வளவு ஆராய்ச்சியா என்று நானே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தி மாட்டினேன்.

"பாத்தீங்களா, ஒரு நிமிஷ வேலை."

நான்தான் சொன்னேன் இதை.

மார்ச் 11

இன்றும் இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 15

டாக்டர். மறதி ஆரம்பித்துவிட்டது, இனிக் கூடத்தான் செய்யும் என்றார். நான் வீட்டில் உட்கார வைத்ததால் வந்ததா என்று கேட்டேன். அதனால் மட்டும் வராதும்மா என்றார். அந்த 'மட்டும்' என்ற வார்த்தையோடுதான் பஸ்ஸில் வந்தேன்.

மார்ச் 22

புது சிலிண்டர், பிஸ்டன், ஆயில் சீல் எல்லாம் வந்துவிட்டன. தம்பி இன்ஜின் அடிப்பாகத்தைப் பெட்ரோல் விட்டு விட்டுக் கழுவினான், இரும்புப் பொடி வருவது நிற்கும் வரைக்கும். கிளிப் போடும் நேரத்தில் இவர் எழுந்து வந்து அவன் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். கிளிப் உள்ளே விழாதபடி துணியால் கீழே ஓட்டையை மூடினார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக். கிளிப்பின் வாய்ப்பக்கம் கீழே பார்க்கிறதா என்று தடவிப் பார்த்தார். காலையில் பல் துலக்க எதை எடுப்பது என்று நின்றவர் இவர்.

நாலாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஐடில் ஸ்பீடைக் கொஞ்சம் குறைப்பா" என்றார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பிறகு சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

"அப்பவே சொன்னேனே" என்றார். ராத்திரி கூடுதலாக ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மார்ச் 23

காலையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "மெஷினை எண்ணெய் ஊத்தாம நான்தான் கெடுத்துட்டேன்ல" என்றார்.

மார்ச் 24

இன்றும் அதையே.

என் பெயருக்கே சில நேரம் தடுமாறுகிறார். நான் எல்லார் முன்னாலும் சொன்னது மட்டும் அப்படியே இருக்கிறது. எத்தனையோ சொல்லியிருக்கிறேன் இவரிடம் – நல்லதாகவும் சொல்லியிருக்கிறேனே. அதில் ஒன்று தங்கியிருக்கக் கூடாதா?

மார்ச் 30

தம்பி மரத்தை அறுத்து முடித்தான். இவர் கோடு போட்ட இடத்தில்தான் வெட்டினான்.

ஏப்ரல் 17

பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடவில்லை. தினமும் காலையில் டீக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். நான் சொன்னால் இவருக்கு மனசில் நிற்பதில்லை. கை சொன்னால் நம்புகிறார். எடுத்துத் திருப்பிப் பார்ப்பார். கோட்டில் நகத்தை விட்டு ஓட்டுவார்.

இன்றும் அப்படித்தான். "இது எண்ணெய் இல்லாம போனது இல்ல. கிளிப் கழண்டிருக்கு. யாரு போட்டது?"

"நான்தாங்க."

சில நாள் திட்டுவார். சில நாள் சிரிப்பார். இன்று வெகுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

"சரி, விடு. இதையே நெனச்சிட்டு இருக்காத. மறந்துடு" என்றார்.

பிஸ்டனைத் துடைத்து, நாளைக் காலைக்காக டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.