கோசுப் பாத்தியில் விழுந்த குண்டு

பெர்லின் அருகே, அக்டோபர் 1944

அன்பு வால்புர்கா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். இடது காது மட்டும் கொஞ்சம் மந்தம்.

எங்கள் விமான எதிர்ப்புப் பீரங்கி நிமிடத்துக்குப் பதினைந்து குண்டுகளை எட்டு கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பும். நேற்று மதியம் சுட்டதில் ஒன்று வானத்தில் வெடிக்காமல் திரும்பி வந்து, பக்கத்துக் கோசுத் தோட்டத்தில் புதைந்தது. தோட்டக்காரி கெஸ்லர் அம்மாள் நேராக எங்கள் சார்ஜண்டிடம் வந்தாள்.

“ஏன்யா, அமெரிக்காக்காரனே என் தோட்டத்தை விட்டுட்டான். உங்களுக்கு என்னய்யா கேடு?”

எல்லோரும் சிரித்தோம். ஐந்து நிமிடம் முன்பு அவள் அதே பாத்தியில் குனிந்து நின்றிருந்தாளாம்.

அங்கே பீரங்கி சுட்டால் நீ வாசலில் நின்று வேடிக்கை பார்க்காதே. ஓய்ந்த பிறகும் கால் மணி நேரம் நிலவறையிலேயே இரு.

தபால் வண்டி கிளம்புகிறது. உன் கழுத்துக் கம்பளியை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

உன் ஓட்டோகார்